தெற்குப் பிரான்சின் பழைய ஊர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிஞோன், ஆர்ல், நீம், கார்காஸோன் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களிடமிருந்து சுற்றிச்சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். நுழைவுக் கட்டணமும் பேருந்து நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. கிளம்புமுன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தெற்கு பிரான்ஸ்னா நீஸ், கான் கடற்கரைதானே? பழைய ஊரெல்லாம் எங்கே இருக்கு?

நீஸும் கானும் கிழக்கு மூலையில், இத்தாலி எல்லைப் பக்கம். இந்தப் பக்கத்தில் பேசப்படும் ஊர்கள் அதற்கு மேற்கே, ரோன் ஆறு கடலில் கலக்கும் பகுதியைச் சுற்றி இருக்கின்றன. வடக்கிலிருந்து வந்தால் முதலில் ஒராஞ்ச், பிறகு அவிஞோன், அதற்குத் தெற்கே ஆர்ல், மேற்கே நீம். அவிஞோன், ஆர்ல், நீம் மூன்றும் ஒன்றுக்கொன்று 30 முதல் 45 கி.மீ. தூரத்துக்குள்தான். கார்காஸோன் இந்தக் கூட்டத்தில் சேராது. நீமிலிருந்து மேற்கே 200 கி.மீ. அளவில் இருக்கிறது, துலூஸ், ஆல்பி இன்னும் தள்ளி.

ரோமானியர்கள் இத்தாலிக்கு வெளியே, ஆல்ப்ஸுக்கு அப்பால் முதலில் பிடித்து வைத்துக்கொண்ட மாகாணம் இது. 'புரோவின்சியா' (மாகாணம்) என்ற அந்த லத்தீன் சொல்தான் தேய்ந்து இந்தப் பகுதியின் பெயரான புரோவான்ஸ் ஆயிற்று. ரோம் நகரத்துக்கு வெளியே இவ்வளவு நெருக்கமாக ரோமானியக் கட்டடங்கள் நிற்பது அதனால்தான்.

நீஸ், நீம் ரெண்டும் ஒரே ஊரா?

இல்லை. சிரிக்காதீர்கள், டிக்கெட் எடுக்கும்போது நிஜமாகவே நடக்கும் குழப்பம் இது. நீஸ் கடலோரம், நீம் உள்நாட்டில் ரோமானிய ஊர். இரண்டுக்கும் நடுவே சுமார் 280 கி.மீ. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'நைம்ஸ்', 'ஆர்லஸ்' என்று கவுண்டரில் கேட்டால் புரியாது. கடைசி எழுத்துகளை விழுங்கிவிட்டு நீம், ஆர்ல் என்றே சொல்லுங்கள். எக்ஸ்-ஆன்-புரோவான்ஸை உள்ளூரில் வெறும் 'எக்ஸ்' என்பார்கள்.

எத்தனை நாள் போதும்? எந்த ஊர்ல தங்கலாம்?

ரோன் பகுதிக்கு மட்டும் நான்கு முழு நாள் வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காமல் பார்க்கலாம்: அவிஞோனுக்கு ஒன்று, ஆர்லுக்கு ஒன்று, நீமுக்கு ஒன்று, போன் து கார் என்ற நீர்ப்பாலத்துக்கு அரை நாள், மிச்சம் அரை நாள் சும்மா உட்கார. கார்காஸோனையும் சேர்த்தால் அங்கே ஓர் இரவு கட்டாயம் தங்குங்கள் (ஏன் என்பது கீழே கார்காஸோன் கேள்வியில்).

ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாறாதீர்கள். அவிஞோனிலோ நீமிலோ ஒரே அறையைப் பிடித்து, ரயிலில் போய்த் திரும்புங்கள். அவிஞோனிலிருந்து ஆர்ல் ரயிலில் ஏறக்குறைய 20 நிமிடம். நீம் அரை மணி முதல் முக்கால் மணி. எங்கள் ஓட்டு நீமுக்கு: அறை வாடகை அவிஞோனைவிடப் பெரும்பாலும் குறைவு, ரயில் நிலையத்திலிருந்து ரோமானிய வட்டரங்கு பத்து நிமிட நடைக்குள், மாலையில் சுற்றுலாக் கூட்டம் குறைந்துவிடும். ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு அவிஞோன்தான் மனதுக்குப் பிடிக்கிறது. ஊரைச் சுற்றி 4 கி.மீ.க்கு மேல் மதில் அப்படியே நிற்கிறதே, அதன் ஈர்ப்பு.

எந்த மாசம் போனா நல்லது? ஜூலை லீவுலதான் எங்களால முடியும்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை, அல்லது செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வட்டரங்கு, பாலம், மதில் எல்லாமே நிழலில்லாத கல். சென்னை வெயிலுக்குப் பழகியவர்களும் திணறுவது அந்தக் கல் திருப்பி அடிக்கும் சூட்டில்தான்.

ஜூலையில்தான் முடியும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவிஞோனில் 1947 முதல் நடக்கும் நாடக விழா ஜூலை முழுக்க ஊரை எடுத்துக்கொள்ளும். மதிலுக்குள் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். விழாவுக்காகப் போகிறீர்கள் என்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் நீமில் தங்கி அவிஞோனுக்குப் பகலில் போய் வாருங்கள். லாவெண்டர் வயல் பார்க்கிற ஆசையும் இருந்தால் ஜூன் கடைசியும் ஜூலை முதல் பாதியும்தான் காலம்; அதற்குப் பிறகு அறுத்துவிடுவார்கள்.

மிஸ்த்ரால்னு ஒரு காத்து அடிக்குமாமே, பயப்படணுமா?

பயம் வேண்டாம், குளிர்ச்சட்டை வேண்டும். மிஸ்த்ரால் என்பது வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாகக் குழாயில் ஊதியதுபோல இறங்கும் காற்று. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதிகம்; மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. வானம் பளிங்குபோலத் தெளிவாக இருக்கும். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு 'நல்ல வெயில்' என்று மெல்லிய சட்டையோடு கிளம்புகிறவர்கள் பாதி வழியில் திரும்புவார்கள். காற்று பலமாக இருக்கும் நாளில் உயரமான இடங்களையும் மதில் நடையையும் மூடிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட நாளை அருங்காட்சியகங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காற்றை ஊரின் கட்டடங்களிலேயே படிக்கலாம். பழைய பண்ணை வீடுகளுக்கு வடக்குச் சுவரில் ஜன்னல் இருக்காது, அல்லது பெயருக்கு ஒன்று இருக்கும். தேவாலய மணிக்கூண்டின் உச்சியில் கல்லுக்குப் பதில் இரும்புக் கம்பியாலான கூடு தெரியும். காற்று இடையில் புகுந்து போகட்டும் என்று செய்த ஏற்பாடு அது.

அவிஞோன்ல டி.ஜி.வி. இறங்கினா ஊர் நடக்கிற தூரம்தானே?

இல்லை. அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். அதிவேக டி.ஜி.வி. ரயில்களுக்காகக் கட்டிய நிலையங்கள் பல ஊருக்கு வெளியே இருக்கின்றன. 'அவிஞோன் டி.ஜி.வி.' நிலையம் மதிலிலிருந்து சுமார் 4 கி.மீ. தள்ளி. அங்கிருந்து 'அவிஞோன் சான்த்ர்' என்ற பழைய நிலையத்துக்கு உள்ளூர் ரயில் போகும், ஐந்தாறு நிமிடம்தான். 'சான்த்ர்' என்றால் மையம். அங்கே இறங்கி சாலையைக் கடந்தால் மதில் வாசல். 'எக்ஸ் டி.ஜி.வி.' இன்னும் மோசம், ஊருக்கு 15 கி.மீ. வெளியே, பேருந்து பிடிக்க வேண்டும்.

பெரிய பொறி 'நீம் போன் து கார்' என்ற நிலையம். பெயரைப் பார்த்து நீர்ப்பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். அது 2019 இறுதியில் திறந்த, நீமுக்கு வெளியே வயல் நடுவில் இருக்கும் நிலையம். பாலம் அங்கிருந்து ஏறக்குறைய 20 கி.மீ. உங்களுக்கு வேண்டியது 'நீம் சான்த்ர்'. அதேபோல மோன்பெலியேயில் 'சேன் ரோக்' நிலையம் ஊருக்குள். 'சூட் து பிரான்ஸ்' வெளியே.

பாரிஸில் ஏறும் நிலையமும் முக்கியம். அவிஞோன், நீம், மார்செய் ரயில்கள் கார் து லியோனிலிருந்து. துலூஸ் ரயில் மோன்பர்னாஸிலிருந்து. அவிஞோனுக்குச் சுமார் 2 மணி 40 நிமிடம். பாரிஸின் ஷார்ல் து கோல் விமான நிலையத்துக்கு அடியிலிருந்தே அவிஞோனுக்கும் மார்செய்க்கும் நேரடி ரயில்கள் உண்டு. நேரம் ஒத்துவந்தால் பாரிஸ் ஊருக்குள் போகவே வேண்டாம்.

டிக்கெட்டை முன்னாடியே எடுக்கணுமா, போய் எடுத்துக்கலாமா?

டி.ஜி.வி.க்கு முன்கூட்டியே எடுங்கள். விமான டிக்கெட்போல விலை ஏறிக்கொண்டே போகும். வீகோ என்ற மலிவு விலை ரயில் அதே தண்டவாளத்தில் ஓடுவதுதான். ஆனால் சிறிய பெட்டியும் கைப்பையும்தான் அடிப்படைக் கட்டணத்தில் சேரும். பெரிய பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே தனியாகப் பணம் கட்டிவிடுங்கள், நடைமேடையில் கட்டினால் கூடுதல்.

ஊருக்கு ஊர் ஓடும் டி.இ.ஆர். வண்டிகளில் இருக்கை முன்பதிவு இல்லை. அவிஞோன் - ஆர்ல் போன்ற பயணங்களுக்கு அன்றே எடுத்தால் போதும். இயந்திரத்தில் காகிதச் சீட்டு வந்து, அதில் முத்திரையிடச் சொல்லியிருந்தால் நடைமேடை வாசலில் உள்ள பெட்டியில் செருகி முத்திரை வாங்கிவிட்டு ஏறுங்கள். 'தெரியாது' என்பது பரிசோதகரிடம் செல்லாது. கைப்பேசிச் சீட்டுக்கு அந்த வேலை இல்லை.

கார் எடுத்தா சௌகரியமா இருக்குமே?

கிராமங்களுக்கும் லாவெண்டர் வயல்களுக்கும் கார் இல்லாமல் முடியாது. மேலே சொன்ன ஊர்களுக்குள் காரால் தொல்லைதான். பழைய ஊரின் தெருக்கள் இரண்டு ஆள் கைகோத்து நடக்கும் அகலம். பல தெருக்களில் தரையிலிருந்து எழும்பும் இரும்புத் தூண்கள் உண்டு. உள்ளூர்க்காரரின் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் தூண் உங்கள் வண்டியின் அடியில் எழும்பும். ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே வழி. அவிஞோனில் மதிலுக்கு வெளியே 'இத்தாலியன்' வாகன நிறுத்தமும் ஆற்றுத் தீவில் 'பியோ' நிறுத்தமும் இலவசம்.

சுங்கச் சாவடியில் ஆரஞ்சு நிற 't' எழுத்து மட்டும் தெரியும் வரிசைக்குள் போகாதீர்கள். அது வண்டியில் கருவி ஒட்டியவர்களுக்கு. பச்சை அம்பும் அட்டைப் படமும் உள்ள வரிசை நமக்கு. ஊருக்குள் 'தூத் திரெக்சியோன்' என்ற பலகை அடிக்கடி வரும். 'எல்லாத் திசைகளும்' என்று பொருள். தேடும் ஊரின் பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம், அதையே பின்தொடர்ந்தால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். நிறுத்திய வண்டிக்குள் ஒரு பையைக்கூடக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

மத்தியானம் ரெண்டரை மணிக்குப் போனா ஹோட்டல்ல சாப்பாடு இல்லைன்னுட்டாங்க. ஏன்?

அடுப்பு அணைந்திருக்கும். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை. இரவு 7 அல்லது 7:30க்குப் பிறகு. நடுவில் காபி கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. வாசலில் 'செர்வீஸ் கோந்தினியு' என்று எழுதியிருந்தால் இடைவிடாமல் பரிமாறுவார்கள். தப்பவிட்டால் ரொட்டிக்கடை இருக்கிறது. சின்ன அருங்காட்சியகங்களும் கடைகளும் மதியம் இரண்டு மணி நேரம் மூடுவது உண்டு. எனவே ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருங்கள். பெரிய நினைவுச்சின்னங்கள் மதியம் திறந்தே இருக்கும், கூட்டமும் அப்போது குறையும்.

கடையில் 'மெனு' என்று கேட்டால் பல வகை சேர்ந்த ஒரே விலைச் சாப்பாட்டைச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். பட்டியல் வேண்டுமென்றால் 'லா கார்த்'. தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள். ஜாடியில் வரும் குழாய்த் தண்ணீர், காசு கிடையாது. வெறும் 'தண்ணீர்' என்றால் விலைக்குப் புட்டி வரும். சேவைக் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை.

நாங்க சுத்த சைவம். பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் பெயரைப் பார்த்து நம்பக்கூடாது. தப்பெனாத் என்ற ஆலிவ் துவையலில் நெத்திலி போன்ற மீன் அரைத்திருக்கும். வெங்காயம் பரப்பிய பிஸ்ஸலாதியேரிலும் அதே மீன். ஃபுகாஸ் என்ற துளையிட்ட ரொட்டியில் பன்றித் துண்டுகள் இருக்கலாம். நீமின் பெருமையான பிரான்தாத், உப்புக் கருவாட்டு மசியல். கார்காஸோனின் கஸ்ஸூலே வெள்ளை மொச்சை போலத் தெரியும். உள்ளே வாத்தும் பன்றியும்.

துணிந்து சாப்பிடக்கூடியவை: ரத்ததூய் (கத்தரி, குடைமிளகாய், தக்காளி, சுரைக்காய் இனத்துக் காய் சேர்ந்த கூட்டு), நீஸின் சோக்கா, மார்செயின் பனிஸ். கடைசி இரண்டும் கடலைமாவு! சோக்கா மெல்லிய அடை மாதிரி. பனிஸ் வேகவைத்துத் துண்டு போட்டுப் பொரித்தது. கேட்கும்போது 'வெஜிதாரியன்' என்றதோடு நிற்காமல் 'ஸான் வியாந்த், ஸான் ப்வாஸோன்' (இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று இரண்டையும் சொல்லுங்கள். மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் நிறையப் பேர்.

அவிஞோன் போப் அரண்மனைக்குள்ள ஒண்ணுமே இல்லையாமே. வெளியில நின்னு படம் எடுத்தா போதாதா?

அறைகள் காலி என்பது உண்மை. 1309-இல் தொடங்கிச் சுமார் எழுபது ஆண்டுகள் ஏழு போப்புகள் ரோமை விட்டு இங்கே இருந்தார்கள். அரண்மனை வேலை 1335-இல் தொடங்கி இருபது ஆண்டுக்குள் பெரும்பகுதி முடிந்தது. ஊரையே 1348-இல் நேப்பிள்ஸ் அரசியிடமிருந்து 80,000 தங்க நாணயத்துக்கு வாங்கினார் போப் ஆறாம் கிளெமென்ட். அதன்பின் பிரெஞ்சுப் புரட்சி வரை அது போப்பின் நிலம். புரட்சியில் பொருள்கள் போயின. பிறகு 1906 வரை படைவீரர்களின் குடியிருப்பாக இருந்தபோது, சுவரோவியங்களைப் பெயர்த்து விற்றவர்களும் உண்டு.

இருந்தும் உள்ளே போங்கள். போப்பின் படிக்கும் அறையான 'மான் அறை'யில் 1343-இல் தீட்டிய வேட்டைக் காட்சிகள் சுவர் முழுக்க இருக்கின்றன. ஒரு போப்பின் அறையில் புனிதர் ஒருவர்கூட இல்லாமல் மீன்குளமும் வேட்டை நாயும் பருந்துமாக இருப்பதை நின்று பாருங்கள். சமையல்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அறையே புகைபோக்கியாகக் குவிந்து மேலே போகும். கட்டணத்தோடு தரும் கைக்கணினியைத் தூக்கிப் பிடித்தால் அன்றைய அலங்காரம் திரையில் தெரியும். குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

ரோன் ஆற்றில் நிற்கும் உடைந்த பாலத்துக்கும் சேர்த்துக் கூட்டுச் சீட்டு உண்டு. 22 வளைவுகளில் நான்குதான் மிச்சம். மற்றவை வெள்ளத்தில் போயின. பாலத்தின் மேல் நிற்பதைவிட, இலவசப் படகில் எதிரே உள்ள பார்த்தலாஸ் தீவுக்குப் போய் அங்கிருந்து பாலமும் அரண்மனையும் ஒன்றாகத் தெரிவதைப் பார்ப்பது மேல். மாலை வெயில் அரண்மனை முகத்தில் விழும்.

ஆர்ல், நீம் ரெண்டுலயும் ரோமானிய வட்டரங்குதானே? ஒண்ணு பார்த்தா போதாதா?

ஒன்றுக்கே நேரம் இருந்தால், கட்டடத்துக்கு நீம், ஊருக்கு ஆர்ல். நீமின் வட்டரங்கு (133 மீட்டருக்கு 101) மேல்தளம் வரை முழுசாக நிற்கிறது. 24,000 பேர் நெருக்கியடிக்காமல் வெளியேற அமைத்த படிக்கட்டுகளில் இன்றும் ஏறி இறங்கலாம். ஆர்லின் அரங்கு அளவில் சற்றுப் பெரிது, ஆனால் உச்சித் தளம் போய்விட்டது. இடைக்காலத்தில் அதன் வளைவுகளை அடைத்து உள்ளேயே இருநூறு வீடுகள் கட்டிக் கோட்டையாக வாழ்ந்தார்கள். அப்போதைய காவல் கோபுரங்கள் மூன்று மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அதில் ஏறினால் ரோன் வரை தெரியும்.

நீமில் வட்டரங்கோடு நின்றுவிடாதீர்கள். பத்து நிமிட நடையில் மெசோன் கரே: ரோமானியக் கோயில், 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முகப்பின் கல்லில் எழுத்து ஏதும் தெரியாது, வரிசையாக ஓட்டைகள் மட்டும் தெரியும். வெண்கல எழுத்துகளை ஆணியடித்து மாட்டியிருந்த ஓட்டைகள் அவை. எழுத்துகள் எப்போதோ திருடுபோய்விட்டன. 1758-இல் ழான் பிரான்ஸ்வா செகியே என்ற உள்ளூர் அறிஞர் ஓட்டைகளின் இடைவெளியை வைத்தே வாசகத்தைப் படித்தார்: அகஸ்டஸின் வாரிசுகளாக இருந்து இளமையிலேயே இறந்த காயஸ், லூசியஸ் இருவருக்கான கோயில். சதுக்கத்தில் நின்று அந்த ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள், வெறுங்கண்ணுக்கே தெரியும். குனிந்தால் நடைபாதையில் பனைமரத்தில் கட்டிய முதலை பதித்த வெண்கல வில்லைகள் அகப்படும். எகிப்து வெற்றிக்காக இவ்வூர் அச்சிட்ட ரோமானிய நாணயத்தின் சின்னம், இன்று ஊரின் முத்திரை.

அரங்கத்துல காளைச் சண்டை நடக்குமாமே? தெரியாம அன்னிக்குப் போயிட்டா?

இரண்டு அரங்குகளும் இன்றும் பயன்பாட்டில் இருப்பவை. நீமில் பெந்தெகொஸ்தே திருநாள் சமயத்திலும் செப்டம்பரிலும், ஆர்லில் ஈஸ்டரிலும் செப்டம்பரிலும் 'ஃபெரியா' விழா. அந்த நாள்களில் அரங்கைச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள், ஊர் முழுக்கக் கூட்டம், அறையும் கிடைக்காது. தேதியை முதலில் பாருங்கள்.

இரண்டு வகை உண்டு. 'கொரிதா' என்பது ஸ்பெயின் முறை, காளையைக் கொல்வார்கள். 'கூர்ஸ் கமார்கேஸ்' இப்பகுதிக்கே உரியது, கொலை கிடையாது. வெள்ளை உடை ஆட்கள் கையில் சிறு இரும்புக் கொக்கியோடு ஓடி, காளையின் கொம்புகளில் கட்டிய சிவப்பு நாடாவையும் குஞ்சங்களையும் பறிக்க வேண்டும். ஒரு காளைக்குப் பதினைந்து நிமிடம். பிறகு அது மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். சுவரொட்டியில் ஆளின் பெயரைவிடக் காளையின் பெயர் பெரிதாக இருக்கும். கொம்பில் சல்லிக்காசு கட்டியதிலிருந்து பெயர் பெற்ற விளையாட்டைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சீட்டு வாங்குமுன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போன் து கார் பாலத்துக்குக் கார் இல்லாம போக முடியுமா? மேலே ஏற விடுவாங்களா?

முடியும். நீமிலிருந்தும் அவிஞோனிலிருந்தும் பேருந்து உண்டு, முக்கால் மணி அளவில் ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளிலும் வண்டிகள் மிகக் குறைவு. இறங்கியவுடன் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அடுக்கு, 49 மீட்டர் உயரம். யூஸேஸ் பக்கத்து ஊற்றிலிருந்து நீமுக்கு 50 கி.மீ. வந்த கால்வாயின் ஒரு துண்டுதான் இது. அந்த 50 கி.மீ.யிலும் மொத்தச் சரிவு 12.6 மீட்டர், அதாவது கி.மீ.க்கு ஏறக்குறைய 25 செ.மீ. அந்த அளவுக்கு மட்டம் பார்த்திருக்கிறார்கள். கல்லில் ஆங்காங்கே துருத்தி நிற்கும் முட்டுகள் சாரம் தாங்குவதற்காக விட்டவை. வேலை முடிந்தபின் செதுக்கி எடுக்கவில்லை.

நீங்கள் நடந்து கடக்கும் தளம் ரோமானியர் கட்டியது அல்ல. 1743 முதல் 1747 வரை கீழ் அடுக்கை ஒட்டிக் கட்டிச் சேர்த்த சாலைப் பாலம் அது. உண்மையான நீர்க்கால்வாய் உச்சியில் இருக்கிறது. அதற்குள் வழிகாட்டியோடு மட்டுமே, அதுவும் குறிப்பிட்ட பருவத்தில்தான் விடுவார்கள். போகக் கிடைத்தால் விடாதீர்கள். பல நூற்றாண்டு ஓடிய நீர் இருபுறமும் படியவைத்த சுண்ணாம்பு கால்வாயையே குறுக்கியிருப்பதைத் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். கோடையில் கீழே ஆற்றில் குளிக்கலாம், துண்டு எடுத்துப் போங்கள்.

வான்கோ ஓவியம் பார்க்க ஆர்ல் போறோம். எந்த மியூசியம்?

ஏமாறாமல் போங்கள்: ஆர்ல் நகரத்துக்குச் சொந்தமாக வான்கோவின் ஓவியம் ஒன்றுகூட இல்லை. 1888 பிப்ரவரியில் வந்து பதினைந்து மாதத்தில் முந்நூறு அளவில் ஓவியங்களும் கோட்டுப்படங்களும் வரைந்தார். எல்லாம் வெளியே போய்விட்டன. 2014-இல் திறந்த வான்கோ அறக்கட்டளை இரவல் வாங்கி ஒன்றோ சிலவோ காட்டும். அன்று என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். அவர் குடியிருந்த மஞ்சள் வீடும் இல்லை, 1944 ஜூனில் குண்டுவீச்சில் போயிற்று. காதை அறுத்துக்கொண்டபின் சேர்த்த மருத்துவமனையின் முற்றத் தோட்டம் இருக்கிறது. ஓவியத்தில் உள்ளபடியே செடி வைத்திருக்கிறார்கள், நுழைவு இலவசம்.

ஆர்லின் உண்மையான பொக்கிஷம் பழங்கால அருங்காட்சியகம்: ரோன் ஆற்றுக்கடியிலிருந்து எடுத்த 31 மீட்டர் ரோமானியச் சரக்குப் படகு முழுதாக, சரக்கோடு. ஊர் மையத்திலிருந்து இருபது நிமிட நடை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். செவ்வாயன்று விடுமுறை. ஆர்லுக்குச் சனிக்கிழமை காலை போனால் லீஸ் பெருஞ்சாலைச் சந்தையும் சேர்ந்து கிடைக்கும்.

கார்காஸோன் கோட்டை ஒரிஜினலா, புதுசா கட்டினதா?

இரண்டும்தான். ரோமானியர் காலத்து அடிச்சுவர், 13-ஆம் நூற்றாண்டு வெளிமதில், அதன் மேல் 1853 முதல் வியோலே-லெ-துக் என்ற கட்டடக் கலைஞர் செய்த புதுப்பிப்பு. அதற்கு முன் அரசு இடித்துக் கல்லை விற்கவே நினைத்தது; உள்ளூர்க்காரர்கள் போராடித் தடுத்தார்கள். கூம்புக் கூரைகளில் கருங்கற்பலகை வேய்ந்தது வடபிரான்சு வழக்கம், தெற்கில் ஓடுதான் என்று அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. பழையதை நீங்களே கண்டுபிடிக்கலாம்: சிறு கற்களுக்கிடையே சிவப்புச் செங்கல் வரிசை ஓடினால் அது ரோமானியர் காலம்.

கோட்டை ஊருக்குள் நுழையக் காசு இல்லை, இரவும் பகலும் திறந்திருக்கும். இரு மதில்களுக்கு நடுவேயுள்ள வெளியிலும் சும்மா நடக்கலாம். பிரபுவின் கோட்டைக்கும் மதில் மேல் நடைக்கும் மட்டுமே சீட்டு. பகல் 11 முதல் 5 வரை உள்ளே பொம்மை வாள் கடைகளும் நெரிசலும்தான். ஆறு மணிக்குமேல் பேருந்துகள் போய்விட, ஊர் அடங்கும். ஓர் இரவு தங்கச் சொன்னது இதற்காக. ரயில் நிலையம் ஆற்றுக்கு இப்புறம் கீழூரில். அங்கிருந்து பழைய பாலம் வழியாக அரை மணி ஏற்ற நடை, பெட்டியோடு வேண்டாம்.

மார்செய் 2,600 வருஷம் பழசுங்கறாங்க, பழசா ஒண்ணும் தெரியலையே?

கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் போட்ட ஊர்தான். ஆனால் துறைமுகத்தின் வடகரைப் பழைய குடியிருப்பை 1943-இல் ஜெர்மன் படை வெடிவைத்துத் தகர்த்தது. இன்று அங்கே தெரிவது போருக்குப் பின் கட்டியவை. கிரேக்கத் துறைமுகத்தின் மிச்சம் வணிக வளாகம் ஒன்றை ஒட்டிய பள்ளத்தில் கிடக்கிறது. வரலாற்று அருங்காட்சியகமும் அங்கேயே, நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. மேலே ஏறினால் தப்பிப் பிழைத்த 'பனியே' என்ற பழைய குடியிருப்பின் தெருக்கள்.

எக்ஸ் இதற்கு நேரெதிர்: மாளிகை, மரநிழல், நீரூற்று. மிராபோ சாலை நடுவே பாசி மூடிய உருண்டையாக நிற்கும் ஊற்றில் கை வையுங்கள், வெந்நீர் ஊற்றின் நீர் என்பதால் குளிர்காலத்திலும் சில்லிடாது. புதுச்சேரியில் சுஃப்ரேன் தெரு தெரியுமல்லவா? 1783-இல் கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலேயரோடு மோதிய அந்தக் கடற்படைத் தளபதி, எக்ஸுக்குப் பக்கத்து சேன் கன்னாவில் 1729-இல் பிறந்தவர்.

வயசான அம்மா அப்பாவோட, குழந்தை வண்டியோட போகலாமா?

போகலாம், ஊரைத் தேர்ந்தெடுங்கள். நீம்தான் சமதளம், தெருவும் வழவழப்பான கல். ஆர்லிலும் அவிஞோனிலும் பல சந்துகளில் ஆற்றுக் கூழாங்கற்களை நிறுத்திப் பதித்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கும் சின்னச் சக்கரங்களுக்கும் அது எதிரி. அரங்கப் படிகள் முழங்கால் உயரம், கைப்பிடி இருக்காது. அவிஞோன் அரண்மனையில் படியேற்றம் நிறைய. நீமில் பெரியவர்களுக்கு நல்ல வழி வட்டரங்குக்கு எதிரேயுள்ள ரோமானிய அருங்காட்சியகத்தின் மொட்டைமாடி: மின்தூக்கி உண்டு, சீட்டு வேண்டாம், அரங்கம் முழுதும் கண்ணெதிரே.

ஃப்ரீ டிக்கெட், பாஸ் ஏதாவது இருக்கா?

கார்காஸோன் பிரபு கோட்டை, ஏக்-மோர்த் என்ற ஊரின் மதில் போன்ற தேசிய நினைவுச்சின்னங்களில் 18 வயதுக்குட்பட்டோருக்கு எப்போதும் இலவசம். நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். அவிஞோனின் நகராட்சி அருங்காட்சியகங்களுக்கு எந்த நாளும் கட்டணமில்லை. பெத்தி பலே ஒன்றே போதும், இத்தாலிய மரப்பலகை ஓவியங்கள் அறை அறையாக. நீமிலும் ஆர்லிலும் நினைவுச்சின்னங்களுக்குக் கூட்டுச் சீட்டு விற்கிறார்கள். இரண்டு இடத்துக்கு மேல் போனால் அது லாபம், ஒன்றுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு நாள், கையில பெட்டி, சாயங்காலம் ரயில். என்ன பண்ணலாம்?

செவ்வாய் என்றால் ஆர்லின் பழங்கால அருங்காட்சியகமும் அவிஞோனின் அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். அரண்மனை, பாலம், வட்டரங்குகள் திறந்திருக்கும். (திங்கள் என்றால் கடைகளில் பாதி மூடல். மே 1 என்றால் ஏறக்குறைய எல்லாமே.) எனவே நீமில் இறங்குங்கள். 'சான்த்ர்' நிலையம்தானே என்று டிக்கெட்டில் சரிபார்த்தபின். சின்ன நிலையங்களில் பெட்டி வைக்கும் இடத்தை நம்ப முடியாது. கைப்பேசியில் பதிவு செய்து கடைகளில் வைக்கும் சேவையை முந்தின நாளே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வட்டரங்கு, பிறகு மெசோன் கரே, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. அதன்பின் ஊற்றுத் தோட்டத்தின் நிழலில் ஏறி, உச்சியில் உள்ள 'மாஞ்' என்ற ரோமானியக் கோபுரம். இறங்கும்போது கஸ்தெல்லும் என்று கேட்டு ஒரு சந்துக்குள் போனால், வேலிக்குப் பின்னால் பாறையில் வெட்டிய வட்டத் தொட்டி ஒன்று கிடக்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. போன் து கார் வழியாக 50 கி.மீ. வந்த தண்ணீர் விழுந்து, சுற்றியுள்ள ஓட்டைகள் வழியே ஊருக்குப் பிரிந்த இடம் அது. ரயிலுக்கு அங்கிருந்து இருபத்தைந்து நிமிட நடை, முழுக்க இறக்கம்.